வாளெடுத்தவளுக்கு யார் துணை: தோழனா, பகைவனா, காத்திருப்பவனா?

மாயாஜால நாவலின் நாயகி போருக்குப் போகிறாள், காதலிலும் விழுகிறாள் என்று முடிவானதும் எழுதுபவர் முதலில் காதலனின் முகத்தைத் தேடுவார். பச்சைக் கண்ணா, கன்னத்தில் தழும்பா, நாடிழந்த இளவரசனா? அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: அவள் போகும் போர் எந்த வகை? இருவரும் எங்கே, எத்தனை முறை, எவ்வளவு நேரம் தனித்திருக்க முடியும் என்பதைப் போர்தான் தீர்மானிக்கிறது.

தொல்காப்பியம் இந்தக் கணக்கை என்றோ போட்டுவிட்டது. ஒவ்வொரு போர் வகையும் ஒரு காதல் நிலைக்குப் புறன், அதாவது புறத்தே நிற்கும் இணை: ஆநிரை கவரும் வெட்சி கூடலின் குறிஞ்சிக்கு, படையெடுக்கும் வஞ்சி காத்திருத்தலின் முல்லைக்கு, கோட்டையை முற்றும் உழிஞை ஊடலின் மருதத்துக்கு, நேருக்கு நேர் மோதும் தும்பை இரங்கலின் நெய்தலுக்கு. ஆநிரை கவரும் இரவுக்கும் களவுக் காதலின் இரவுக்கும் ஒரே இருட்டு. அடைத்த கோட்டைக் கதவும் ஊடலில் அடைத்த வீட்டுக் கதவும் ஒரே பிடிவாதம். நாவல் எழுதுபவருக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி கிடைப்பது அரிது.

சிறுபடை, இரவுத் தாக்குதல், அடித்துவிட்டு மறைவது என்று போனால் படைத்தோழனே சரி. இருவரையும் ஒரே சாமக் காவலில் போடுங்கள். மூன்று மணி நேரம், சத்தமாகப் பேசக் கூடாது, கண் அயரக் கூடாது. முழுத் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ வரை வரும், தனியாக அணிவதும் கடினம். வார்ப்பூட்டுகளை இழுத்துக் கட்ட இன்னொரு கை வேண்டும். முத்தக் காட்சிக்கு முன் அந்தக் கை இரண்டு முறையாவது வந்துபோகட்டும்.

தோழன் கதை கெடுவது பதவியால். அவன் அவளுக்குத் தளபதி என்றால், ஆபத்தான இடத்துக்கு அவளை அனுப்பினாலும் சந்தேகம், அனுப்பாவிட்டாலும் சந்தேகம். சமநிலையில் வையுங்கள், அல்லது அவளை மேலே வையுங்கள். அடுத்த பிழை காயம். தோளில் அம்பு தைத்தவள் அவன் மருந்து கட்டிய மறுநாள் வாள் சுழற்றக் கூடாது. ஆழமான தசைக்காயம் ஆற வாரங்கள் ஆகும், சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. தொட்டதும் ஆற்றும் மந்திரம் உங்கள் உலகில் இருந்தால், நோயாளி அருகே கண்விழிக்கும் காட்சியை மறந்துவிட வேண்டியதுதான்.

பகைவனைக் காதலனாக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அதிகம் சறுக்குவதும் அங்கேதான். திறந்த களத்தில் எதிரியைச் சந்திக்கும் நேரம் சில விநாடிகள். அதில் காதல் வராது, வந்தாலும் நம்ப முடியாது. முற்றுகைதான் இதற்கு ஏற்றது. மாதக்கணக்கில் இழுக்கும், இரு தரப்பும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிணங்களை எடுக்கச் சண்டை நிற்கும் பொழுது, தூது, பணயக் கைதி மாற்றம், சரணடையும் நிபந்தனைப் பேச்சு என்று நான்கு சந்திப்புகள் இயல்பாகவே அமைந்துவிடும். நான்கிலும் பிறர் உடன் இருப்பார்கள் என்பதுதான் இதன் பலம். தானியத்தைப் பற்றிப் பேசியே மனத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். வசனத்துக்கு இரண்டு அடுக்கு தானாக வரும்.

இங்கே ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. வாசகருக்குப் பெயர் தெரிந்த, ஓர் அத்தியாயமாவது கூடவே வந்த ஒருவரை அந்தப் பகைவன் தன் கையால் கொன்றிருந்தால், பிறகு எத்தனை பூ மலர்ந்தாலும் எடுபடாது. அவள் அவனுடைய கைதியாக இருக்கும்போது சொல்லும் சம்மதமும் சம்மதம் ஆகாது. முதலில் விடுவியுங்கள், அவளாகத் திரும்பி வரட்டும். இன்னொரு பொறி பழையது. மூன்று மார்புகளோடு பிறந்து, திக்விஜயம் செய்த மதுரை அரசி தடாதகை (மீனாட்சி) கயிலையில் சிவனைக் கண்டதும் மூன்றாம் மார்பு மறைந்து நாணித் தலைகுனிந்து நிற்கிறாள். புராணத்துக்கு அது முடிவு. உங்கள் நாயகி நடுநாவலில் அப்படி நின்றுவிட்டால் மீதிப் போரை யார் நடத்துவது?

காத்திருப்பவனை எழுதுவோர் குறைவு. மூன்றில் அதிகம் தரக்கூடியவன் இவனே என்பேன். இது வஞ்சி, அதாவது நீண்ட படையெடுப்பு. முல்லையின் இருத்தல் இப்போது ஆணுக்கு. தூரத்தை எண்ணில் போட்டுப் பாருங்கள். மூட்டை முடிச்சோடு காலாட்படை நாளுக்கு 20 கிலோமீட்டர் நடந்தால் 40 நாளில் 800 கிலோமீட்டர். குதிரை மாற்றாத தூதன் நாளுக்கு 50 போனால் கடிதம் சேர 16 நாள். பதில் வரும்போது அவள் அங்கே இருக்க மாட்டாள், எழுதியபோது இருந்த மனமும் இருக்காது. ஒன்றையொன்று கடந்துபோகும் இரண்டு கடிதங்களை வைத்தே ஒரு பிளவை உண்டாக்கலாம். உலகில் பேசும் கண்ணாடி ஒன்றை வைத்தால் இதெல்லாம் போச்சு. வைத்தே தீர வேண்டும் என்றால் ஒவ்வொரு பேச்சுக்கும் கனமான விலை வையுங்கள்.

காத்திருப்பவன் சும்மா உட்கார்ந்தால் வாசகர் அவன் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போவார். அவனுக்குப் படையோடு கட்டிய வேலை கொடுங்கள். ஆளுக்கு ஒரு கிலோ தானியம் என்றாலும் 10,000 பேருக்கு நாளுக்கு 10 டன். அந்த வண்டிகளை அனுப்புவது அவன் பொறுப்பு ஆகட்டும். பாலம் உடைந்து ஆறு நாள் தாமதமானால் படை பட்டினி. அவள் வீரர்கள் அவனைச் சபிப்பார்கள், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

தும்பை, அதாவது நேருக்கு நேர் பெரும்போரில், மூவரில் யாரோடும் காதலைத் தொடங்க வேண்டாம். அது நெய்தலின் நிலம், இரங்கலுக்கு உரியது. மூவகையையும் கலப்பதாக இருந்தால் போரின் வகை மாறும் இடத்தில் மட்டும் காதலின் நிலையையும் மாற்றுங்கள்: இரவுத் தாக்குதலில் தோழனாக இருந்தவன் பிடிபட்டு, முற்றுகையின்போது மதிலுக்கு உள்ளே கைதியாக இருக்கலாம். சுவரின் எந்தப் பகுதியை இடிப்பது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.