தேய்ந்த ஸ்டீரிங்குக்குக் கவரா, தையலா, பழைய மார்க்கெட்டா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து நெம்மாறை வழியாக நெல்லியாம்பதி ஏறிக்கொண்டிருந்தோம். போத்துண்டி அணை தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. ஸ்டீரிங்கை ஒடித்தேன். கை திரும்பியது, கையிலிருந்த கவரும் திரும்பியது, ஸ்டீரிங் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. எதிரே வண்டி வரவில்லை. பின்சீட்டில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டே வந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மேலே போய்ச் சேரும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

வண்டி 2001 மாடல் மாருதி ஜென். பவர் ஸ்டீரிங் கிடையாது, ஏர்பேக் கிடையாது. ஸ்டீரிங்கின் மேல்தோல் தேய்ந்து பிசுபிசுத்ததால், 350 ரூபாய்க்கு ஒரு ரெடிமேட் கவரை வாங்கி மாட்டியிருந்தேன். வியர்வையும் ஈரக்காற்றும் வெயிலும் சேர்ந்து பல வருஷத்தில் ஸ்டீரிங்கின் மேல்தோலான பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையை உடைத்துவிடும். எங்கள் பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும், ஜூனில் ஈரம் ஒட்டிக்கொள்ளும். 2020-க்குப் பிறகு சானிடைசர் போட்ட கையோடு ஓட்டியதும் மேல்பூச்சைக் கெடுத்திருக்கும். பிசுபிசுப்புக்கு மேல் கவர் போட்டால், உதிர்கிற தூள் கவருக்கு அடியில் மாவு மாதிரி பரவி வழுக்கும். வளைவில் நடந்தது அதுதான். அதனால் மாட்டும் கவர் என் கணக்கில் வரவே வராது. விலை குறைவுதான், ஆனால் ஸ்டீரிங்கில் அந்தக் கணக்கு பார்க்கக் கூடாது.

மிச்சம் மூன்று வழி. பழைய ஸ்டீரிங்கிலேயே தோல் தைப்பது, பழைய சாமான் கடையில் அதே மாடல் ஸ்டீரிங் எடுப்பது, ஸ்போர்ட்ஸ் ஸ்டீரிங் மாட்டுவது.

ஸ்போர்ட்ஸ் ஸ்டீரிங்கை முதலில் முடித்துவிடுகிறேன். அதன் வட்டம் சிறியது. 37 செ.மீ. இருந்த இடத்தில் 33 செ.மீ. வந்தால், பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியைத் திருப்ப எட்டில் ஒரு பங்கு கூடுதலாக வலு கொடுக்க வேண்டும். நிறுத்தி எடுக்கும்போது தோள் சொல்லிவிடும். ஏர்பேக் உள்ள வண்டியில் ஏர்பேக்கே போய்விடும். சட்டமும் இடிக்கும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதே ஒரு கேரள வழக்கில்தான். ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற அன்று இந்தத் தலைவலி வேண்டாம்.

பழைய சாமான் கடை நல்ல வழிதான், பொறுமை இருந்தால். உங்கள் ஸ்டீரிங்கைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். நடு ஓட்டையின் உள்பற்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மட்டமான கண்ணாடி மேல் கவிழ்த்து வையுங்கள், ஒரு பக்கம் தூக்கினால் அடிபட்ட வண்டியிலிருந்து வந்தது. ஹாரன் தகட்டு ஓரத்தில் காய்ந்த சேறு இருந்தாலும் விட்டுவிடுங்கள். 2018 வெள்ளத்தில் கேரளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. ஏர்பேக்கை மட்டும் பழசாக வாங்கவே கூடாது. ஒரு விஷயம்: அங்கே கிடைப்பதும் இருபது வருஷத்து நுரைதான், நம்மைப் போலவே வெயில் பட்டது. நான் பார்த்த மூன்றில் இரண்டு, விரல் பட்டதும் ஒட்டின.

கடைசியில் பொள்ளாச்சியில் ஒரு சீட் கவர் கடைக்குப் போனேன். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் பக்கம்தான். கடைக்காரர் கவரை இரண்டு விரலால் சுற்றிப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, இதப் புடிச்சுட்டா மலையேறினீங்க?" என்றார். அந்தக் கவரை அங்கேயே கத்தியால் அறுத்துப் போட்டார்.

முதலில் ஸ்பிரிட் துணியால் பிசுக்கு முழுக்க எடுத்தார், எட்டுத் துணி கறுத்தது. அப்புறம் உப்புத்தாள், குழி விழுந்த இடத்தில் பூச்சு. தோலைச் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைத்தே வெட்டினார். இழுத்துத் தைத்தால்தான் நகராது. மெழுகு நூல், உள்வளையத்தில் குறுக்குத் தையல், ஒவ்வொரு இழுப்புக்கும் கட்டை விரலில் தோல் உறை. முக்கால் வட்டத்துக்கு மேல் ஹேர் டிரையரால் சூடு காட்டி இறுக்கினார். மூன்று மணி நேரம், 1,600 ரூபாய். ரெக்சின் போட்டால் பாதிதான் ஆகும் என்றார். அதை வேண்டாம் என்றதும் அவரேதான். வெயிலில் ரெக்சின் விறைத்து மடிப்பில் வெடிக்கும், வியர்த்தால் வழுக்கும். தோல் வியர்வையை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும்.

இதிலும் குறை உண்டு. பிடி கொஞ்சம் தடிமனாகும். சின்னக் கை உள்ளவர்கள் மெல்லிய தோல் கேளுங்கள். கட்டை விரல் வைக்கும் இடத்தில் நூல் முடிச்சு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இரும்புச் சட்டமோ கம்பி சேரும் இடமோ விரிசல் விட்டிருந்தால் தைக்கவே கூடாது, அப்போது வேறு ஸ்டீரிங்தான்.

எப்படி மாற்றினாலும் கழற்றும்போது ஒன்று செய்யுங்கள். பேட்டரி டெர்மினலை முதலில் எடுங்கள், ஏர்பேக் வண்டி என்றால் சில நிமிஷம் காத்திருந்து தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். சாதா வண்டியில் நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று விட்டு, ஸ்டீரிங்கை ஆட்டி ஆட்டி இழுங்கள். முழுக்கக் கழற்றினால் திடீரென வந்து முகத்தில் அடிக்கும். சுத்தியல் வேண்டாம். அச்சிலும் ஸ்டீரிங்கிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் திரும்ப நேராக உட்காரும்.

போன வாரம் அதே வளைவில் மறுபடி ஏறினேன். தையல் விரலுக்கடியில் சொரசொரவென்று இருந்தது. கை திரும்பியதோடு வண்டியும் திரும்பியது.