குவார்ட்டர்பேக் ஜோசியத்துக்கு மூன்று மாதச் சந்தா

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச்சு கிடையாது, ஆனாலும் மச்சான் சொன்னானே என்று அமெரிக்க ஃபுட்பால் அலசல் செயலி ஒன்றுக்கு மூன்று மாதம் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். கல்லூரி குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் தேறுவாரா என்று மதிப்பெண் போடுகிறார்கள்.

வீடியோ அலசல் அருமை. எதிரணி நெருக்கும்போது கால் எப்படி நகர்கிறது, பந்தை வாங்க வேண்டிய முதல் ஆளை மறித்துவிட்டால் இரண்டாவது மூன்றாவது ஆளைத் தேடுகிறாரா இல்லை பதறி ஓடுகிறாரா என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார்கள். பள்ளி கிரிக்கெட்டில் சதமாக அடித்த பையன் கிங்ஸ்மீட் மைதானத்து பவுன்ஸில் திணறுவதைப் பார்த்த நமக்கு இது சட்டென்று புரியும்.

மதிப்பெண்தான் எரிச்சல், அதுவும் தசமப் புள்ளியோடு! அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில், பின்னாளில் ஜாம்பவானான டாம் பிரேடியை 2000இல் 199ஆவதாகத்தான் எடுத்தார்கள், 2022இல் பிராக் பர்டி கடைசி ஆள், 262, அவரும் தேறிவிட்டார். 1998இல் இரண்டாவதாகப் போன ரயன் லீஃப் சொதப்பிவிட்டார். ஜோஷ் ஆலன் கல்லூரியில் எறிந்ததில் 56 சதவீதம்தான் கைக்குச் சேர்ந்தது, அவரே 2024 சீசனின் எம்விபி, அதாவது லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். எந்த அணி, யார் பயிற்சியாளர், அவரைக் காக்கும் முன்வரிசை தாங்குமா, இன்றைய நட்சத்திரம் மஹோம்ஸுக்கு மூத்த குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் பின்னால் கிடைத்த மாதிரி ஒரு வருடம் உட்கார்ந்து கற்க இடம் உண்டா, இதெல்லாம் இவர்கள் கணக்கிலேயே இல்லை.

அப்புறம் டிராஃப்ட் இரவு, இங்கே விடியற்காலை 2 மணி, கண் விழித்து உட்கார்ந்தால் செயலி அப்படியே நின்றுவிட்டது. புகாருக்கு நான்கு நாள் கழித்துத்தான் பதில். அடுத்த ஏப்ரலில் வீடியோவுக்காக ஒரே ஒரு மாதம் கட்டுவேன், அதுவும் மச்சான் பாதி தந்தால்.