வால்வு ஆம்ப்பா, டிரான்சிஸ்டர் ஆம்ப்பா?

பாட்டு கேட்க ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கப் போனால், வால்வு (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்) என்றால் ஒலியில் கதகதப்பு, டிரான்சிஸ்டர் என்றால் வறட்சி என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கதகதப்பில் பாதிக்கு மேல் ஸ்பீக்கரின் கைவரிசை என்பது என் கட்சி.

8 ஓம் மின்மறுப்பு (மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு) என்று பின்னால் அச்சடித்த ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் காட்டாது. ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் 20ஐத் தொடும். ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பு 2 ஓம் என்று வையுங்கள். வால்வு ஆம்ப்பில் இது சகஜம். 20 ஓம் காட்டும் சுரம், 4 ஓம் காட்டும் சுரத்தைவிட சுமார் 2.7 டெசிபெல் தூக்கலாக ஒலிக்கும். அதே மின்மறுப்பு டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் 0.05 ஓம் என்றால் வித்தியாசம் 0.1 டெசிபெல்கூடத் தேறாது. ஆக, கேட்காமலே ஒரு ஈக்வலைசரை (சில சுரங்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திருகித் தருகிறது வால்வு ஆம்ப். வேறு ஸ்பீக்கரை மாட்டினால் திருகலும் மாறிவிடும்!

அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் 1985இல் இதைத்தான் நிரூபித்தார். ஸ்டீரியோஃபைல் என்ற ஆடியோ பத்திரிகையினர் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்ப்பைப் போலவே ஒலிக்கும்படி தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பைத் திருத்தியமைத்தார். காதால் பிரித்தறிய அவர்களால் முடியவில்லை.

சத்தம் எல்லை மீறும்போது வேறுபாடு நிஜம். பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பிப் பிழை திருத்துவது) குறைவான வால்வு சுற்றில் ஒலியலை மெல்ல மெல்ல நசுங்கும். அதில் பிறக்கும் இரண்டாம் ஹார்மோனிக் (இரு மடங்கு அதிர்வெண் கொண்ட துணைச் சுரம்) மூலச் சுரத்துக்கு நேர் மேல் ஸ்தாயி, காதை உறுத்தாது. டிரான்சிஸ்டர் சட்டென்று அலையின் தலையை வெட்டிவிடும், சத்தம் கரகரக்கும். கிடார்காரர்கள் வால்வை விடாததற்கு இதுவே காரணம். ஆனால் அவர்கள் சிதைவைத் தேடிப் போகிறவர்கள், நாம் அப்படியில்லை.

அப்புறம் வாட். ஒற்றை 300பி வால்வு தருவது 8 வாட் சொச்சம். 95 டெசிபெல் உணர்திறன் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் வரும் சத்தம்) உள்ள ஸ்பீக்கருக்கு அது தாராளம். 85 டெசிபெல் ஸ்பீக்கரில் அதே சத்தம் வர பத்து மடங்கு, அதாவது 80 வாட் வேண்டும்.

பராமரிப்பிலும் டிரான்சிஸ்டர்தான் நிம்மதி. வால்வுக்கு ஆயுள் சில ஆயிரம் மணி நேரம், பல மாடல்களில் அவ்வப்போது பயஸ் (வால்வில் சும்மா ஓடும் மின்னோட்டத்தின் அளவு) பார்க்க வேண்டும், அறையும் சூடாகும்.

ஆகவே கையில் இருப்பது உணர்திறன் அதிகமான, மின்மறுப்பு அதிகம் ஆடாத ஸ்பீக்கரா? சரி, வால்வை வாங்குங்கள். மற்றவர்களுக்கு டிரான்சிஸ்டர். வால்வு வாங்கினால், ஸ்பீக்கரை மாட்டாமல் பாட்டை ஓட விடாதீர்கள்: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும்.