மீசைக்காரனுக்கு ஸ்நார்கெல் மாஸ்க்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

சில வருடங்களாக என்னிடம் இருப்பது ஒரே ஸ்நார்கெல் செட்: கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் ஒன்று, முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே வாயால் மூச்சுவிடக் குழாய் ஒன்று. வருடத்தில் பாதி நாள் தாமிரபரணியில், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இறங்குவேன். மாசி, பங்குனியில் கடல் அடங்கிக் கிடக்கும்போது உவரிப் பக்கம். இதைப் பார்த்துவிட்டு வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது 'எந்தக் கம்பெனி?' என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, 'மீசையை என்ன செய்யப் போறிய?'

மாஸ்கின் சிலிகான் ஓரம் மேலுதட்டில், மூக்குக்கு நேர் கீழே வந்து உட்கார வேண்டும். அங்கே மயிர் இருந்தால் ஒவ்வொரு மயிருக்கும் இடையில் தண்ணீர் நுழைய வழி கிடைத்துவிடும். ஒரேயடியாகக் கொட்டாது. கொஞ்சங்கொஞ்சமாகக் கசிந்து மூக்கடியில் தேங்கும். குனிந்து நிமிர்ந்தால் கண்ணுக்கு ஏறும். முழுவதும் மழிக்க வேண்டியதில்லை. மூக்கை ஒட்டி மெல்லிய கோடாக ஒரு பட்டை எடுத்தால் போதும், வெளியே தெரியவே தெரியாது. அதற்கும் மனசில்லாதவர்கள் சிலிகான் கிரீஸ் தடவிக்கொள்ளலாம். நான் பட்டை எடுக்கிற கட்சி. கிரீஸ் பட்ட விரல் கண்ணாடியில் பட்டால் அன்றைக்கு முழுவதும் மங்கல்தான்.

பொருத்தம் பார்ப்பது சுலபம். வாரைக் கண்ணாடிக்கு முன்பக்கம் மடித்துப் போட்டுவிட்டு, மாஸ்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். நெற்றிமுடி ஒன்று உள்ளே சிக்கியிருந்தாலும் நிற்காது, ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் அது உங்கள் முகத்துக்கானது இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாரை இறுக்கிச் சமாளிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். இறுக்க இறுக்க ஓரம் நெளிந்து, கசிவு கூடும். கூடவே நெற்றிவலி, கண்ணைச் சுற்றி வளையம். உவரியில் எங்களைக் கூட்டிப்போன வள்ளக்காரர் நான் வாரை இழுப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எதுக்கு அண்ணாச்சி இந்த இறுக்கு இறுக்குதிய? தண்ணியே அமுக்கிப் பிடிக்கும்லா." உண்மைதான். தண்ணீரின் அழுத்தமே மாஸ்கை முகத்தோடு சேர்த்துவிடும். தலையின் பின்பக்கம், காதுக்குக் கொஞ்சம் மேலே, நழுவாத அளவுக்கு வார் இருந்தால் சரி. இன்னொன்று, உள்ளே போய்ச் சிரிக்கக் கூடாது. கன்னம் மடிந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். என் மச்சினனோடு இறங்கினால் இதுதான் பெரிய பிரச்சினை.

வந்த தண்ணீரை வெளியேற்ற மாஸ்கைக் கழற்ற வேண்டியதில்லை. மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, மூக்கால் ஊதினால் கீழ்ப்பக்கமாகப் போய்விடும். கடைகளில் கிடைக்கும் சாதா நீச்சல் கண்ணாடி இந்த வேலைக்கு ஆகாதது இதனால்தான். மூக்கு அதற்கு வெளியே இருக்கும். ஆழம் போகப்போகக் கண்ணை அது அழுத்தும்போது, உள்ளே காற்றை ஊதிச் சரிக்கட்ட வழியில்லை.

புது மாஸ்க் கண்டிப்பாக ஆவி பிடிக்கும். தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் கண்ணாடியில் இருப்பதால் எச்சில் தடவினாலும் நிற்காது. வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் வைத்து விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், இரண்டு மூன்று தடவையாவது. அப்புறம் எச்சிலே போதும். கூச்சமாக இருந்தால் குழந்தைகள் ஷாம்பூ ஒரு சொட்டு.

குழாயை வாயில் வைத்ததும் எல்லாரும் பல்லைக் கடிப்பார்கள். சிறிது நேரத்தில் தாடை வலிக்கும், ரப்பரும் கிழியும். பல் சும்மா தாங்கினால் போதும், தண்ணீரை அடைப்பது உதட்டின் வேலை. மூச்சை நிதானமாக, ஆழமாக இழுத்து முழுக்க வெளியே விட வேண்டும். அவசர அவசரமாக மேலோட்டமாக இழுத்தால் குழாயில் நின்ற பழைய காற்றே திரும்பத் திரும்ப உள்ளே வரும். சின்ன வயதில் பப்பாளித் தண்டை வாயில் வைத்து வாய்க்காலில் மூழ்கியவர்களுக்கு, 'குழாய் இன்னும் நீளமாக இருந்தால் இன்னும் ஆழம் போகலாமே' என்று தோன்றும். முடியாது. ஆழத்தில் தண்ணீர் நெஞ்சை அமுக்கும்போது மேலேயுள்ள காற்றை இழுக்கும் பலம் நம் நெஞ்சுக்கூட்டுக்கு இல்லை. கடையில் விற்கும் குழாய்கள் ஒன்றேகால் அடி சுமாருக்கு இருப்பது அதனால்தான்.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் இப்போது நிறைய விற்கிறது. மூக்கால் மூச்சு விடலாம் என்று ஆசையாக இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. வடிவமைப்பு சரியில்லாவிட்டால் விட்ட மூச்சு உள்ளேயே தங்கும், அவசரத்துக்குச் சட்டென்று கழற்றுவதும் கஷ்டம்.

பழக ஆறுதான் நல்லது, இடுப்பளவுத் தண்ணீரில், ஆட்கள் குளிக்கிற படித்துறையில், துணைக்கு ஒருவரோடு. நின்றபடியே முகத்தை மட்டும் உள்ளே வைத்து மூச்சு சீராகும்வரை இருங்கள். கெண்டைக் குஞ்சுகள் பாசிக்கல்லைக் கொத்துவது அப்படியே தெரியும். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, கால் பங்கு கிட்டத்தில் தெரியும் என்பதால் கை நீட்டினால் எட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு கலங்கிவிடும், அப்போது போய்ப் பிரயோஜனமில்லை. அணையில் தண்ணீர் திறக்கும் நாட்களில் இறங்கவே வேண்டாம். பாபநாசத்தில் வேறொரு தொல்லை: பரிகாரம் என்று விட்டுப்போன வேட்டி சேலைகள் பாறை இடுக்கில் மாட்டி நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. காலைச் சுற்றினால் ஆபத்து, அதனால் நான் அங்கே இறங்குவதில்லை.

கடலில் உப்புத் தண்ணீர் உடம்பைத் தானாகவே தூக்கும், மிதப்பது ஆற்றைவிடச் சுலபம். ஆனால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று வள்ளக்காரரைக் கேட்காமல் குதிக்கக் கூடாது. முதுகுக்கு ஒரு முழுக்கைச் சட்டை அவசியம். குப்புறக் கிடப்பதில் வெயில் ஏறுவதே தெரியாது. காலில் மாட்டும் துடுப்பு, அதாவது ஃபின், ஆற்றுக்குத் தேவையில்லை. கடலில் உதவும், கரையில் மட்டும் பின்னோக்கி நடக்க வேண்டும்.

என் மாஸ்கின் வெள்ளைச் சிலிகான் இப்போது மஞ்சளடித்துவிட்டது. கசிவு இல்லை, பார்க்கத்தான் பழசு. குழாயின் வாய்ப்பகுதியை மாற்றியாயிற்று, அது தனியாகவே கிடைக்கிறது. மேல்முனையில் தண்ணீரை அடைக்கும் மிதவை மூடியில் மணல் புகுந்தால் சிக்கிக்கொள்ளும். கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைப்பேன். காருக்குள் வெயிலில் போட்டால் சீக்கிரம் வீணாகும். அடுத்தது வாங்கும்போது கறுப்புச் சிலிகான்தான். பக்கவாட்டு வெளிச்சம் கண்ணில் அடிக்காது. எனக்கு இப்போது கிட்டப்பார்வை வேறு வந்திருப்பதால், பவர் கண்ணாடி பொருத்தக்கூடிய மாடலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.