தினம் 140 கிலோமீட்டர்: போலோ ஜிடியா, அபார்த் புன்ட்டோவா?

வாலாஜாபேட்டையில் வீடு, ஸ்ரீபெரும்புதூரில் வேலை. ஒரு பக்கம் 70 கிலோமீட்டர். மாதம் 24 நாள் என்று வைத்தால் 3,360 கிலோமீட்டர், வருடத்துக்கு 40,000. இவ்வளவு தூரம் ஓட்டுகிறவன் ஒரு செகண்ட் ஹேண்ட் சிஎன்ஜி காரை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அது நியாயமான பேச்சுதான். ஆனால் தினமும் மூன்று மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவனுக்கு அந்த மூன்று மணி நேரமும் சலிக்காமல் இருக்க வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வேகமான, சாலையைக் கவ்விப் பிடித்து ஓடும் வண்டி மேல் ஆசை. நம் சம்பளத்தில், நம் சாலையில், ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது இரண்டு கதவு போர்ஷே அல்ல. பெரிய இன்ஜினைத் திணித்த சின்ன ஹேட்ச்பேக்தான்.

கடைசியில் மூன்று வண்டிகள் பட்டியலில் நின்றன. பெட்ரோலில் ஓடும் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, அதே போலோவின் டீசல் அண்ணன் ஜிடி டிடிஐ, அப்புறம் ஃபியட் அபார்த் புன்ட்டோ. நான் எடுத்தது 2016 மாடல் ஜிடி டிடிஐ. 71,000 கிலோமீட்டரில் வாங்கினேன், 22 மாதத்தில் 1,45,000 ஆகிவிட்டது. ஆகவே இந்த அலசல் டீசல் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் அபார்த். மனசு கேட்டது அதைத்தான். 2015 அக்டோபரில் வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம். 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் இழுவை, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பத்து லட்சத்துக்குள் அந்தக் காலத்தில் வேறு யாரும் அதைக் கொடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் ஹைட்ராலிக் கனம் இருக்கிறது. சாலையில் உள்ள ஒவ்வொரு சின்ன மேடும் கைக்கு வந்து சேரும். நான் ஓட்டியது ஒரே ஒரு மதியம், காவேரிப்பாக்கத்திலிருந்து ஓச்சேரி வரை போய்த் திரும்பினேன். இரண்டாவது கியரில் மிதித்தபோது முன் சக்கரங்கள் ஒரு நொடி தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டு இழுத்த இழுப்பு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மதியத்தை வைத்து நீண்ட காலத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் சந்தோஷம் மட்டும்தான் அளவுகோல் என்றால் போட்டி அங்கேயே முடிந்துவிட்டது.

அபார்த்தை நான் விட்டதற்குக் காரணம் அதன் 155 மில்லிமீட்டர் தரை இடைவெளியோ, லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் மைலேஜோ மட்டும் அல்ல. ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. ஜீப் சர்வீஸ் சென்டர்களில் பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஃபியட்டின் 1.3 டீசல் இன்ஜின் மாருதியிலும் ஓடியதால் அதன் சாமான்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். இந்த 1.4 டர்போ பெட்ரோலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஃபியட்டின் செடானான லீனியா டி-ஜெட்டோடு சில சாமான்களைப் பகிர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். ஒரு ஹெட்லைட்டோ பம்பரோ உடைந்தால் எத்தனை நாள் காத்திருப்பது? வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுகிறவர் காத்திருக்கலாம். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டியவன் காத்திருக்க முடியாது. வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவர் என்றால் தயங்காமல் அபார்த்தை வாங்கச் சொல்வேன்.

இனி இரண்டு போலோக்களும்தான். வெளித் தோற்றத்தில் வித்தியாசம் தேடினால் கிடைக்காது. இரண்டிலும் ஒரே கெட்டியான கதவுச் சத்தம், ஒரே குறுகலான பின் சீட். பாதுகாப்பைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். 2014-இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்தபோது ஏர்பேக் இல்லாத போலோவுக்குப் பூஜ்யம், இரண்டு ஏர்பேக் உள்ளதற்கு நான்கு நட்சத்திரம். ஆகவே பழைய ஜிடியின் ஏர்பேக் எப்போதாவது வெடித்திருக்கிறதா, சரியாக மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. டிஎஸ்ஐயில் வண்டி சறுக்காமல் கட்டுப்படுத்தும் இஎஸ்பியும் உண்டு. மழை நாளில் அது பெரிய ஆறுதல், அந்தப் புள்ளியை டிஎஸ்ஐக்கே கொடுக்கிறேன்.

டிஎஸ்ஐ 2013-இல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். டிடிஐ 1.5 லிட்டர் டீசல், அதே 105 குதிரைத்திறன், ஆனால் இழுவை 250, ஐந்து கியர் மேனுவல். காகிதத்தில் சமம் போலத் தெரிந்தாலும் ஓட்டினால் இரண்டும் வேறு வேறு பிறவிகள். டிஎஸ்ஐ வழுக்கிக்கொண்டு போகும். கியர் மாறுவது காதுக்கு மட்டும்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. டிடிஐயில் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே ஒன்றும் நடக்காது. இன்ஜின் தூங்குகிறதோ என்று தோன்றும். முள் 1,500-ஐத் தாண்டியதும் முதுகைச் சீட்டோடு அழுத்தித் தள்ளும். எங்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலைக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று சொல்கிறேன். ஆறுவழிச்சாலை வேலைக்காகத் தாமல், பாலுசெட்டி சத்திரம் பக்கமெல்லாம் வருடக்கணக்கில் டைவர்ஷன். சர்வீஸ் ரோட்டில் இறங்கி, கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் முப்பதில் உருண்டு, மறுபடி மெயின் ரோட்டில் ஏறும்போது மூன்றாவது கியரில் போட்டு ஒரு மிதி மிதித்தால் போதும், லாரி கண்ணாடியில் சின்னதாகிவிடும். கீழே இறக்கி கியர் தேட வேண்டாம். தினம் நாலைந்து முறை இது கிடைக்கிறது, இன்னும் அலுக்கவில்லை.

என் முடிவை நிர்ணயித்தது ஒரே விஷயம். அது கிளட்ச்.

டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு கியர்களுக்கு ஒன்று, இரண்டு, நான்கு, ஆறுக்கு இன்னொன்று. ஒரு கியரில் ஓடும்போதே அடுத்த கியர் தயாராக நிற்கும். அதனால்தான் அவ்வளவு வேகமாக மாறுகிறது. போலோவில் உள்ள இந்த ஏழு கியர் பெட்டியில் கிளட்ச்சுகள் எண்ணெயில் முழுகாதவை, உலர் ரகம். எடையும் உரசலும் குறைவு, மைலேஜ் நன்றாக வரும். ஆனால் சூடானால் ஆற்றுவதற்கு எண்ணெய் கிடையாது. சாதாரண ஆட்டோமேட்டிக்கில் இருப்பதுபோல், எண்ணெய் வழியாக இன்ஜின் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரும் இல்லை. வண்டி ஊரும்போதெல்லாம் கிளட்ச் பாதி பிடித்து, பாதி நழுவித்தான் ஊர்கிறது. திறந்த நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடினால் அதற்கு ஒன்றும் ஆகாது. சாயங்காலம் ஐந்தரைக்கு சுங்குவார்சத்திரத்தில், மூன்று கம்பெனிகளின் ஷிப்ட் பஸ்கள் ஒரே நேரத்தில் ரோட்டில் ஏறும்போது, இரண்டு கிலோமீட்டரை முப்பது நிமிடம் ஊர்ந்து கடப்பதுதான் அதற்கு எமன். அதுவும் மே மாத வெயிலில்.

கிளட்ச் தேய்ந்தால் மாற்றலாம். அதைவிடப் பெரிய செலவு மெக்கட்ரானிக்ஸ். கிளட்ச்சையும் கியரையும் இயக்குகிற ஹைட்ராலிக் பகுதியும் கம்ப்யூட்டரும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி அது. இந்த டிஎஸ்ஜி ரகத்தில் அது கெடுவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஒட்டுமொத்தமாக மாற்ற நேர்ந்தால் பில் லட்சத்தைத் தாண்டும். எல்லா டிஎஸ்ஐக்கும் இது வரும் என்று நான் சொல்லவில்லை. லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறவை நிறைய உண்டு. ஆனால் வருடத்துக்கு 40,000 ஓட்டுகிறவன் மற்றவர்கள் நான்கு வருடத்தில் சந்திக்கும் ரிஸ்க்கை ஒரே வருடத்தில் சந்திக்கிறான்.

ராணிப்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் இதைக் கேட்டேன். முப்பது வருடமாக வண்டிக்கு அடியில் படுத்தவர். "சார், மேனுவல் வண்டின்னா காலையில விடுங்க, மறுநாள் சாயங்காலம் எடுத்துக்கலாம். ரெட்டை கிளட்ச் பிரிக்கிற டூல் எங்கிட்ட கிடையாது. ரிப்பேர்னு வந்தா சென்னைக்குத்தான் கட்டி இழுத்துட்டுப் போகணும்" என்றார். எனக்கு அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது.

சரி, டிடிஐ என்ன செலவு வைத்தது? டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பழைய பில் இல்லை. அதனால் வாங்கிய வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றினேன், 22,000. அந்த பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும், அதில் கஞ்சத்தனம் கூடாது. 1,20,000-இல் கிளட்ச் செட், லேபரோடு 24,000. ஃபிளைவீல் நன்றாக இருந்தது. அதையும் மாற்ற வேண்டியிருந்தால் இன்னும் பெரிய தொகை வந்திருக்கும், அதை நீங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 10,000-க்கு ஒருமுறை ஆயில் சர்வீஸ், ஏழு முறை, சுமார் 8,500 வீதம் 59,500. நான்கு டயர் 26,000. சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராட் 14,000, அந்த டைவர்ஷன்களின் புண்ணியம். பிரேக் பேட் 6,500. மொத்தம் 1,52,000. 74,000 கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் சொச்சம். பணத்தை விட எனக்கு முக்கியம் இதுதான்: 22 மாதத்தில் வண்டி இல்லாமல் வேலைக்குப் போன நாள் ஐந்து. ஐந்தும் நானே முன்கூட்டித் தேதி குறித்து விட்டவை.

எரிபொருள் கணக்கை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டிடிஐ எனக்கு லிட்டருக்கு 19 கிலோமீட்டர் தருகிறது. டீசல் 92 ரூபாய் சொச்சம், மாதம் 16,000-க்கு மேல். டிஎஸ்ஐ இந்தப் பாதையில் 14 தரும் என்று ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். பெட்ரோல் நூறைத் தாண்டிவிட்டதால் அது மாதம் 24,000. வருடத்துக்கு 90,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

டீசலில் குறையும் உண்டு. கிளட்ச் கனம். நெரிசலில் அரை மணி நேரம் மிதித்தால் இடது முழங்கால் பேசும். காலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்துகொள்ளும் அளவுக்குச் சத்தம். அப்புறம் 2015-இல் வெளியான ஃபோக்ஸ்வாகனின் மாசுக் கட்டுப்பாட்டு மோசடியில் சிக்கியது இதே இஏ189 இன்ஜின் குடும்பம். இந்தியாவில் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள், 1.5 லிட்டரும் அதில் அடக்கம். நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அந்த சாஃப்ட்வேர் வேலை முடிந்ததா என்று சேசிஸ் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

மறுவிற்பனை எப்படி இருக்கும் என்பதில் எனக்கு நிச்சயமில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது ஃபோக்ஸ்வாகன் இங்கே டீசலை விட்டுவிட்டது, 2022-இல் போலோவே நின்றுவிட்டது. ஆர்வலர்கள் தேடுகிறார்கள் என்பதால் விலை இப்போது நிற்கிறது. நான் விற்கும்போது ஓடோமீட்டரில் இரண்டரை லட்சம் இருக்கும், அப்போது யார் கேட்பார்கள் என்று தெரியாது. ஓட்டித் தீர்க்கத்தான் வாங்கினேன்.

வாங்கப் போகிறவர்கள் டெல்லி வண்டிகளில் கவனமாக இருங்கள். அங்கே பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசலுக்குக் கட்டுப்பாடு வந்ததால் தெற்கே மலிவாக வருகின்றன. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று (என்ஓசி) இருக்கிறதா, இங்கே ஆயுள் வரி எவ்வளவு வரும், மறுபதிவு யார் பொறுப்பு என்பதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆர்சியில் டிஎன் உள்ள வண்டியே மலிவாக இருக்கும். ஓடோமீட்டரை நம்புவதற்கு முன் கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வண்டியில் மீட்டர் 48,000 காட்டியது. பெடலின் வலது ஓரத்தில் ரப்பர் வழித்துவிட்டதுபோல் தேய்ந்து இரும்பு மின்னியது. ஸ்டியரிங்கில் பத்து மணி இடத்தில் தோல் பளபளத்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டிஎஸ்ஐயே வேண்டும் என்பவர்கள் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பிரேக்கை லேசாக விட்டு ஊரவிட்டுப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது சீட்டில் நடுக்கம் வந்தால் விட்டுவிடுங்கள்.

என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் காஞ்சிபுரம் வெள்ளைகேட் பக்கத்திலிருந்து வருகிறார். ஓட்டம் என்னுடையதில் பாதிகூட இல்லை, ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்கிறார். அவருக்கு நான் டிடிஐயும் சொல்லவில்லை, பழைய டிஎஸ்ஐயும் சொல்லவில்லை. 2020-க்குப் பிறகு வந்த 1.0 லிட்டர் ஜிடியைத் தேடச் சொன்னேன். 110 குதிரைத்திறன், அதே 175 நியூட்டன் மீட்டர், ஆனால் டிஎஸ்ஜிக்குப் பதில் டார்க் கன்வர்ட்டரோடு ஆறு கியர் ஆட்டோமேட்டிக். விலைதான் கொஞ்சம் எகிறும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டில் ஒரு வண்டி பார்க்கப் போகிறோம்.