‘நம்பர் ஒன்’ ஆசை காட்டி என் போன் நம்பரையே கொண்டுபோனார்கள்

பதினாறு வருடமாகப் பிளம்பிங் வேலை செய்கிறேன். ஒரு வீட்டில் அடைப்பு எடுத்தால் அடுத்த வீட்டில் கூப்பிடுவார்கள், அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இடையில் இரண்டு மாதம் வேலை குறைந்தது. சரியாக அந்த நேரத்தில் ஒரு அழைப்பு: “சார், உங்கள் கூகுள் லிஸ்டிங் காலாவதியாகப் போகிறது.” கூகுளிலிருந்தே பேசுவதுபோல ஒரு தோரணை. உண்மையில் அது ஒரு இணைய விளம்பர நிறுவனம்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கூகுளில் தொழில் விவரப் பக்கம் வைப்பது முழுக்க இலவசம். அதற்குக் காலாவதி என்று ஒன்று கிடையவே கிடையாது. 2021 வரை ‘கூகுள் மை பிசினஸ்’ என்றார்கள், இப்போது ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’. பெயர்தான் மாறியது, இலவசம் மாறவில்லை. இது தெரிந்திருந்தால் அன்றைக்கே போனை வைத்திருப்பேன்.

தெரியாததால் பேச்சு வளர்ந்தது. ஆறு மாதத்தில் கூகுள் தேடலில் முதலிடம், உத்தரவாதம் என்றார்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. வரைபடத்தில் யார் மேலே வருவார் என்பதைத் தேடலுக்குப் பொருத்தமா, தேடுபவருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்டவர் என்ற மூன்றை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பணம் கட்டி அந்த வரிசையில் ஏற வழியில்லை. விளம்பரம் என்பது தனி, அது விளம்பரம் என்று காட்டும் அடையாளத்தோடுதான் வரும்.

“நீங்கள் ஸ்பானரைப் பிடியுங்கள், கம்ப்யூட்டரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார் அந்தத் தம்பி. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. 12 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். புரொஃபைல் அவர்கள் மின்னஞ்சலில் தொடங்கினார்கள். இணையதளப் பெயரை அவர்கள் கணக்கில் வாங்கினார்கள். விளம்பரக் கணக்கும் அவர்களுடையது. நான் செய்தது ஒன்றே ஒன்று, தொழில் உண்மையானதா என்று கூகுள் கேட்கும் சரிபார்ப்பு வீடியோவுக்காக என் வேனையும் கருவிகளையும் காட்டி நின்றேன். வீடு என்னுடையது, மெயின் வால்வு பக்கத்து வீட்டில் என்ற கதை.

மாதாமாதம் அழகான அறிக்கை வரும். கோடு மேலே மேலே ஏறும். என்ன ஏறுகிறது என்று பார்த்தால் ‘இம்ப்ரெஷன்’, அதாவது என் விளம்பரம் யார் கண் முன்னாலோ வந்துபோன எண்ணிக்கை. எத்தனை பேர் கூப்பிட்டார்கள், எத்தனை வேலை ஆனது என்று ஒரு வரி இருக்காது.

அழைப்பே வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. “பிளம்பிங் கோர்ஸ் நடத்துகிறீர்களா?” “உங்களிடம் வேலை காலி இருக்கிறதா?” “குழாயை நானே மாற்றுவது எப்படி?” ஒருவர் பல மணி நேரப் பயணத் தூரத்திலிருந்து கூப்பிட்டார். நானும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் பின்னால் விளக்கினார். தேடல் சொற்களை ‘பிராட் மேட்ச்’ என்ற அகலமான வலையில் விட்டிருக்கிறார்கள். கோர்ஸ், வேலைவாய்ப்பு போன்ற சொற்களுக்கு விளம்பரம் காட்டாதே என்று தடுக்க ‘நெகட்டிவ் கீவேர்ட்’ பட்டியல் உண்டு. அதில் ஒரு சொல்கூடப் போடவில்லை. இடத்தைப் பொறுத்தும், அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றாமல், அந்த ஊரில் ஆர்வம் காட்டும் எவருக்கும் போகிற மாதிரி, கூகுள் முதலிலேயே வைத்திருக்கும் அமைப்பையே விட்டுவிட்டார்கள். இரண்டையும் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகாதாம். ஒரு வருடம் யாரும் தொடவில்லை.

அப்புறம் விமர்சனங்கள். ஒரே ராத்திரியில் வரிசையாக ஐந்து நட்சத்திரம். அதில் ஒன்று என் பெயிண்டிங் வேலையைப் பாராட்டியது! பழைய வாடிக்கையாளர் ஒருவர் “எப்போதிருந்து சுவருக்கும் அடிக்கிறீர்கள்?” என்று கேட்டார். என்ன சொல்வது, சிரித்து வைத்தேன். போதாததற்குப் புரொஃபைலில் என் தொழில் பெயரோடு ‘24 மணி நேர மலிவு அடைப்பு நீக்கம்’ என்று ஒட்டியிருந்தார்கள். பலகையில் இல்லாத சொல்லைப் பெயரில் சேர்ப்பது விதிமீறல். பக்கம் முடக்கப்பட்டது. அதை மீட்டுத் தரவும் தனிக் கட்டணம் கேட்டார்கள்.

விலகுகிறேன் என்றேன். அன்றைக்குத்தான் மெயின் வால்வு யார் கையில் என்று தெரிந்தது.

இணையதளத்தில் போட்டிருந்தது என் எண்ணே இல்லை. எத்தனை அழைப்பு வருகிறது என்று கணக்கெடுக்க அவர்கள் வாங்கிய எண், அது என் போனுக்குத் திருப்பி விடப்பட்டிருந்தது. மணி அடிக்கிறது, பேசுகிறேன், இதில் சந்தேகம் எங்கே வரும்? ‘எல்லா இடத்திலும் ஒரே எண் இருக்கட்டும்’ என்று சொல்லி விசிட்டிங் கார்டிலும் வேனிலும் அதையே எழுத வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் முறிந்ததும் அந்த எண்ணை வேறொரு பிளம்பருக்குத் திருப்பிவிட்டார்கள். என் வேனைப் பார்த்துக் கூப்பிட்டவர் வீட்டுக்கு இன்னொருவர் போய் நின்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் என்னைப்போல ஏமாந்த ஆளாகத்தான் இருப்பார்.

புரொஃபைல் மட்டும் ஒருவழியாகத் திரும்பி வந்தது. உரிமை கேட்டு விண்ணப்பித்தால், இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம். அவர்கள் பதிலே சொல்லவில்லை, மறுபடி சரிபார்ப்பு செய்து எடுத்தேன். எடுத்த கையோடு பழைய ஆளை நீக்க முடியாது, புதிதாகச் சேர்ந்த உரிமையாளர் 7 நாள் காத்திருக்க வேண்டும். இணையதளப் பெயர் போனது போனதுதான். பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர்.

வெளியாள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்கே இப்போது ஒருவர் விளம்பரம் பார்க்கிறார். ஆனால் புரொஃபைல் என் மின்னஞ்சலில் இருக்கிறது, அவர் அதில் ‘மேனேஜர்’ மட்டும். இணையதளப் பெயரை நானே வாங்கினேன். விளம்பரக் கணக்கும் என்னுடையது, அவர் கணக்கை அதோடு இணைத்திருக்கிறோம், வேண்டாம் என்றால் நானே துண்டிக்கலாம். கூகுளுக்கு என் கார்டிலிருந்து நேரடியாகப் போகிறது, அவர் கூலி தனி. முன்பு இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக வாங்கினார்கள். அதில் விளம்பரத்துக்கு எவ்வளவு போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாதக் கடைசியில் நான் கேட்பது ‘சர்ச் டெர்ம்ஸ்’ அறிக்கை, மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து என் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்று அதில் இருக்கும். வேலை முடிந்ததும் விமர்சன இணைப்பை நானே அனுப்புகிறேன். அதற்காகத் தள்ளுபடி தருவதில்லை, அதுவும் விதிப்படி தவறு.

இப்போது யாரோடாவது ஒப்பந்தத்தில் இருக்கிறீர்களா? இன்று ராத்திரியே இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் இணையதளத்தில் இருக்கும் எண்ணை உங்கள் போனில் இருக்கும் எண்ணோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் புரொஃபைலுக்குள் போய் ‘முதன்மை உரிமையாளர்’ என்ற இடத்தில் யார் மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். உங்களால் உள்ளேயே போக முடியவில்லை என்றால், பதில் அதிலேயே இருக்கிறது.