ராமநாதபுரம் பக்கம் பால்வினை நோய்க்கு "ஃபுல் பேக்கேஜ்" டெஸ்ட் எடுக்கப் போகிறவர்கள் படியுங்கள்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கடற்கரையில் இருக்கிற தம்பிகளுக்காக எழுதுகிறேன். ஒரு தடவை யாருடனோ இருந்துவிட்டு, எய்ட்ஸ் வந்திருக்குமோ என்று தூக்கம் வராமல் புரள்கிறவர்களிடம் காசு பறிக்கிற இடம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. என்னிடம் 8,000 ரூபாய்க்கு மேல் வாங்கினார்கள். காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இல்லாத நோயை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். நம்ம விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும்போது பலர் கேரளாப் பக்கம் போட்டில் வேலைக்குப் போவோம். கொச்சியில் இருந்தபோது ஒரு பெண்ணோடு இருந்தேன். ஆணுறை போட்டிருந்தேன். கிழியவில்லை, கழலவும் இல்லை. ஊருக்கு வந்த பிறகு தொடை இடுக்கில் அரிப்பு, ஒன்றுக்குப் போனால் லேசான கடுப்பு. உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் நிற்கிறவர்களுக்கு இது வராத கோடை கிடையாது. ஆனால் பயம் பிடித்துவிட்டால் உடம்பில் எது வந்தாலும் அந்த நோய் மாதிரியே தெரியும். சவுதி வேலைக்குப் பாஸ்போர்ட் கொடுத்திருந்த நேரம் வேறு.

அந்தத் தனியார் லேபில் என்னைப் பார்த்ததும் கேட்டது, "ஃபுல் பேக்கேஜா, சாதாவா?" என்ன நடந்தது, எப்போது நடந்தது, உறை போட்டீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. எச்.ஐ.வி டெஸ்ட்டுக்கு முன்னால் ஒப்புதல் வாங்க வேண்டும், ஆலோசனை சொல்ல வேண்டும், விஷயத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. அங்கே ரிப்போர்ட் வந்ததும் கவுன்டரில் இருந்து "எச்.ஐ.வி, வி.டி.ஆர்.எல் கொடுத்தது யாரு?" என்று சத்தமாகக் கூப்பிட்டார்கள். வி.டி.ஆர்.எல் என்பது மேகநோய்க்கான ரத்த டெஸ்ட். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

எச்.ஐ.வி நெகட்டிவ். வி.டி.ஆர்.எல், மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் நெகட்டிவ். ஹெர்பிஸ் ஐ.ஜி.எம் என்ற ஒன்று மட்டும் அளவுக்குக் கொஞ்சம் மேலே. ஹெர்பிஸ் என்பது பிறப்புறுப்பிலோ உதட்டிலோ கொப்புளம் வர வைக்கிற வைரஸ், ஐ.ஜி.எம் என்பது ரத்தத்தில் பார்க்கிற ஒரு வகை எதிர்ப்புப் பொருள். அதை சிவப்பு மையில் வட்டம் போட்டு, "வைரஸ் ரத்தத்துல ஏறிருச்சு தம்பி, இப்பவே பாக்கலேன்னா கல்ஃப் மெடிக்கல்ல அன்ஃபிட் ஆயிருவீங்க" என்றார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர் துணியை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற ஊசி என்று ஒரு கோர்ஸ் எழுதினார். என்ன மருந்து என்று கேட்டதற்குப் பெயர் சொல்லவில்லை. பில்லுக்குப் பதிலாக ஒரு துண்டுச் சீட்டு. எச்.ஐ.வி இப்போது காட்டாது, ஆறு மாசத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள்.

அப்புறம் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி ஆலோசனையும் டெஸ்ட்டும் செய்கிற நம்பிக்கை மையத்துக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு அங்கே ஆலோசனை சொல்கிற அக்கா கேட்ட முதல் கேள்வியே "என்ன நடந்துச்சு, சொல்லுங்க தம்பி" என்பதுதான். முழுக்கக் கேட்டார். உறை கிழியாமல் கடைசி வரை இருந்தது என்றால் எச்.ஐ.வி வருகிற வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றார். முத்தம் கொடுத்தது, ஒரே டம்ளரில் குடித்தது, கொசு கடித்தது, இதிலெல்லாம் பரவாது என்பதையும் நான் கேட்காமலே சொன்னார். எல்லோரும் அதைத்தான் கேட்பார்களாம்.

டெஸ்ட் எப்போது எடுப்பது என்பதை அவர் விளக்கியது இப்படி. சம்பவம் நடந்த சில நாளில் எடுக்கிற டெஸ்ட் அதற்கு முந்தைய நிலைமையைத்தான் காட்டும். லேபில் ரத்தநாளத்தில் ரத்தம் எடுத்து, வைரஸின் துண்டையும் அதை எதிர்த்து உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துப் பார்க்கிற நான்காம் தலைமுறை டெஸ்ட் என்றால் 45 நாள் கழித்து வருகிற நெகட்டிவை நம்பலாம். எதிர்ப்புப் பொருளை மட்டும் பார்க்கிற டெஸ்ட் என்றால் மூன்று மாசம். அதற்கு நடுவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குத்திக்கொள்வதால் லேபுக்குத்தான் லாபம். இங்கே டெஸ்ட் இலவசம். ஒரு கிட்டில் ரியாக்டிவ் என்று வந்தாலும் அதோடு பாசிட்டிவ் என்று சொல்லிவிட மாட்டார்கள், வேறு வேறு கிட்டுகளில் மூன்று தடவை பார்த்த பிறகுதான் சொல்வார்கள்.

ஹெர்பிஸ் விஷயம்தான் எனக்கு ரொம்ப முக்கியம். பால்வினை நோய்ப் பிரிவில் டாக்டர் என் உடம்பைப் பார்த்துவிட்டு, கொப்புளமோ புண்ணோ எதுவும் இல்லை, இது படர்தாமரை என்று களிம்பு எழுதினார். ஐ.ஜி.எம் டெஸ்ட்டை வைத்துப் புதிதாக ஹெர்பிஸ் வந்திருக்கிறது என்று முடிவு செய்யவே கூடாதாம். சம்பந்தமில்லாத காரணத்துக்கும் அது ஏறும். சின்ன வயசில் உதட்டோரம் கொப்புளம் வருகிற வகை வைரஸ் ஏராளமானவர்கள் உடம்பில் இருக்கிறது, அதையும் பிறப்புறுப்பில் வருகிற வகையையும் அந்த டெஸ்ட் பிரித்துச் சொல்லாது. ஹெர்பிஸைப் பொறுத்தவரை ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற ஊசி என்று ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. வளைகுடா மெடிக்கலில் எச்.ஐ.வி, காமாலை பி, சி, மேகநோய், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் உண்டு. இந்த ஐ.ஜி.எம் அதில் இல்லை. அன்ஃபிட் என்று சொன்னது அப்பட்டமான பொய்.

உங்களுக்கு நடந்தது நிஜமாகவே ஆபத்தானது என்றால், அதாவது உறை இல்லை, கிழிந்துவிட்டது என்றால், எந்த லேபுக்கும் அலையாதீர்கள். தொற்றைத் தடுக்கிற மாத்திரை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். புண், சீழ், நெறி கட்டுவது இருந்தாலும் அங்கேதான். போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 1097க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பஸ் ஸ்டாண்டு சுவரில் மேகநோய் குணமாகும் என்று போஸ்டர் ஒட்டி லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிறவர்களிடம் போகாதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது.

சரி, அந்த லேப் மீது திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறேன். சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. சிவப்பு வட்டம் போட்ட ரிப்போர்ட்டோ பெயரில்லாத துண்டுச் சீட்டோ உங்களிடம் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். வீட்டில் யாரும் பார்க்காத இடத்தில் வைத்திருங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் நான் போய்ச் சொல்வேன். என் ஒருத்தனோடது மட்டும் இருந்தால் போதாது.